லாரி ஓட்டுநரின் வேலை நேரமும் விழிப்பு நேரமும்

சித்தூருக்கும் புத்தூருக்கும் இடையே உள்ள கார்வேட்டிநகரம் முற்காலத்தில் ஒரு ஜமீனின் தலைநகராக விளங்கிற்று. வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்த அப்பகுதி, 1911ஆம் ஆண்டில் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதனுள் அமைந்தது. தமிழும் தெலுங்கும் ஒருங்கே வழங்கும் இவ்வட்டாரத்தில் கோடைக்காலத்தின் பெரும்பொருள் மாங்காயே ஆகும். பங்கனபள்ளி போன்ற உயர்ந்த வகைகள் மண்டிகளின் வழியாக வெளியூர்களுக்கும் வடநாட்டுக்கும் செல்கின்றன. கிளிமூக்கு மாங்காய் எனப்படும் தோத்தாபுரி, சித்தூரைச் சுற்றியுள்ள மாங்கூழ்த் தொழிற்சாலைகளுக்குச் செல்கிறது. ஜூன், ஜூலை மாதங்களில் இவ்விரண்டையும் சுமப்பவை லாரிகளும் டிராக்டர்களுமே.

2025ஆம் ஆண்டுப் பருவத்தில் தோத்தாபுரி அளவுக்கு மீறி விளைந்தது. விலை வீழ்ந்தது. உழவருக்குக் கிலோவுக்கு 12 ரூபாய் கிடைக்க வேண்டும் என்றும், அதில் 8 ரூபாயைத் தொழிற்சாலைகள் தர, 4 ரூபாயைத் தானே தருவதாகவும் மாநில அரசு அறிவித்தது. தொழிற்சாலை வாயில்களில் வண்டிகள் நெடுந்தொலைவு வரிசையாக நின்ற காட்சியைச் செய்தித்தாள்கள் படத்துடன் வெளியிட்டன. காய் அழுகுவதைப் பற்றியும் விலையைப் பற்றியும் அப்பொழுது மிகுதியாகப் பேசப்பட்டது. அவ்வரிசையில் சக்கரத்தின் பின்னே அமர்ந்திருந்தவரின் உறக்கத்தைப் பற்றிப் பேசியவர் குறைவு. ஆயினும், வரிசையிலிருந்து விடுபட்ட வண்டி அடுத்து எங்கே செல்கிறது, எந்த நிலையில் உள்ள மனிதர் அதனை ஓட்டிச் செல்கிறார் என்பது நெடுஞ்சாலையில் செல்வோர் அனைவரையும் தொடும் செய்தியாகும்.

இரு வகைக் கணக்கு

எடுத்துக்காட்டாக ஒரு நாளைக் கொள்வோம். ஓட்டுநர் ஒருவர் காலை 5 மணிக்கு விழித்தெழுகிறார். 6 மணிக்குத் தோப்பில் வண்டியை நிறுத்துகிறார். காய் பறித்து ஏற்றி முடிக்க நண்பகல் ஆகிறது. எடைமேடையில் எடை போட்டு, ஒன்றரை மணி நேரம் ஓட்டித் தொழிற்சாலை வாயிலை அடைகிறார். அங்கே முன்னால் நிற்கும் வண்டிகள் பல. கால் மணிக்கு ஒருமுறை வரிசை ஒரு வண்டி நீளம் நகர்கிறது. ஒவ்வொரு முறையும் எஞ்சினை எழுப்பி முன்னே செல்ல வேண்டும். செல்லாவிட்டால் பின்னால் இருப்பவர் இடத்தைப் பிடித்துக்கொள்வார். இரவு 11 மணிக்குச் சரக்கு இறங்குகிறது. வெறும் வண்டியாகத் திரும்பினால் டீசலுக்கும் கட்டாது. ஆதலால் மாங்கூழ் நிறைத்த பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு நள்ளிரவில் சென்னைக்குப் புறப்படுகிறார். அது நான்கு மணி நேரப் பயணம்.

இந்த நாளில் அவர் சாலையில் வண்டி ஓட்டிய நேரம் எவ்வளவு? ஐந்தரை மணி. வரிசையில் ஊர்ந்ததைச் சேர்த்தாலும் 8 மணிக்குள்தான் வரும். வண்டி உரிமையாளரின் கணக்குப் புத்தகத்தில் இஃது ஓர் இலகுவான நாள். ஆனால் பின்னிரவு 3 மணிக்கு அவர் திருத்தணியைத் தாண்டிக்கொண்டிருக்கும்போது, விழித்தெழுந்து 22 மணி நேரம் ஆகியிருக்கிறது. சக்கரத்தின் கணக்கு வேறு. உடலின் கணக்கு வேறு. ஓட்டும் நேரத்தை மட்டும் எண்ணுவோர் முதற் கணக்கையே பார்க்கின்றனர். விபத்து நேர்வதோ இரண்டாவது கணக்கின்படி.

உறக்கத்தின் இயல்பு

உறக்கம் வருவதற்கு இரண்டு காரணங்கள் ஒன்றுசேர்ந்து செயற்படுகின்றன என்னும் கொள்கையை 1982ஆம் ஆண்டில் ஸ்விட்சர்லாந்தில் பணியாற்றிய போர்பெலி என்னும் விஞ்ஞானி வகுத்துரைத்தார். முதலாவது, விழித்திருக்கும் நேரம் கூடக் கூட மூளையில் ஏறிக்கொண்டே போகும் உறக்க அழுத்தம். அடினோஸீன் என்னும் பொருள் மூளையில் சேர்வது இதற்கு ஒரு முக்கியக் காரணம். உறங்கினாலன்றி இது இறங்குவதில்லை. இரண்டாவது, மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் என்னும் உறுப்பில் அமைந்த உடற் கடிகாரம். ஏறத்தாழ 24 மணி நேரத்துக்கு ஒரு சுற்று என இயங்கும் இக்கடிகாரம், விழிப்பைத் தாங்கிப் பிடிக்கும் வேளையும் உண்டு. கைவிடும் வேளையும் உண்டு. பின்னிரவு 2 மணி முதல் 6 மணி வரை அது முற்றிலும் தளர்கிறது. பிற்பகல் 2 மணி முதல் 4 மணி வரை சற்றே தளர்கிறது. உண்ட மயக்கம் என்று நாம் சொல்லும் பிற்பகல் அயர்வு, உண்ணாதவருக்கும் ஓரளவு வருவது இதனாலேயே. உயிரணுக்களுள் இக்கடிகாரம் இயங்கும் முறையைக் கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கும் 2017ஆம் ஆண்டில் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

மேற்கண்ட எடுத்துக்காட்டில் இரண்டு காரணங்களும் ஒரே வேளையில் கூடுவதைக் காணலாம். 22 மணி நேர அழுத்தம் ஒருபுறம்; கடிகாரம் கைவிட்ட பின்னிரவு மறுபுறம்.

இதன் விளைவை அளந்து காட்டிய ஆராய்ச்சியொன்று 1997ஆம் ஆண்டில் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டாஸன், ரீட் என்னும் இருவர், விழித்திருப்போரின் கைக்கும் கண்ணுக்கும் உள்ள ஒத்திசைவை மது அருந்தியோரின் ஒத்திசைவோடு ஒப்பிட்டனர். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவரின் திறமை, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் மதுச்சத்து உள்ளவரின் திறமையளவுக்குத் தாழ்ந்தது. 24 மணி நேரத்தில் அஃது ஏறக்குறைய 100 மில்லிகிராமுக்கு ஈடாயிற்று. நம் நாட்டில் வாகனம் ஓட்டுவோருக்கு 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் விதித்துள்ள வரம்பு 30 மில்லிகிராம். அதாவது, ஒரு சொட்டு மதுவும் தொடாத ஓட்டுநர், காலை 5 மணிக்கு எழுந்து இரவு 10 மணிக்கு வண்டி ஓட்டினால், வரம்பு மீறிக் குடித்தவரின் நிலைக்கு வந்துவிடுகிறார். குடித்தவரைக் கண்டறிய ஊதச் சொல்லும் கருவி உண்டு. உறங்காதவரைச் சாலையோரத்தில் கண்டறியக் காவலர் கையில் அத்தகைய கருவி இல்லை. மத்திய அரசு ஆண்டுதோறும் வெளியிடும் சாலை விபத்து அறிக்கையில் மிகுவேகம், குடிபோதை, தவறான பக்கம் ஓட்டுதல், கைப்பேசி எனப் பத்திகள் உள்ளன. உறக்கத்துக்கெனத் தனிப் பத்தி இல்லை. 2022ஆம் ஆண்டில் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களுள் எத்தனை பேரின் சாவுக்கு உறக்கம் காரணம் என்பதை அவ்வறிக்கையிலிருந்து எடுக்க இயலாது. மிகுவேகம் என்று எழுதப்பட்டவற்றுள் சில உறக்கமாகவும் இருக்கக்கூடும்.

அயர்ந்தவருக்கு வரும் உறக்கம் எப்போதும் தலைசாய்ந்து வருவதன்று. கண் திறந்திருக்கும்போதே மூளை சில விநாடிகள் ஓய்ந்து மீளும். இதனை நுண்ணுறக்கம் எனலாம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் லாரி 3 விநாடியில் 50 மீட்டர் செல்கிறது. அந்த 50 மீட்டரை ஓட்டுபவர் எவருமிலர். உறக்கத்தால் நேர்ந்த விபத்துகளில் சாலையில் பிரேக் இட்ட தடம் பெரும்பாலும் இல்லாதிருப்பது இதனாலேயே.

தேநீரும் காப்பியும் பயனற்றவை அல்ல. அவற்றில் உள்ள காஃபீன், அடினோஸீன் மூளையில் பற்றும் இடங்களை மறித்துக்கொள்கிறது. ஆனால் குடித்து 20 அல்லது 30 நிமிடம் கழிந்த பின்னரே அது முழுமையாக வேலை செய்யும். சேர்ந்துவிட்ட அழுத்தத்தை அது குறைப்பதில்லை; மறைத்து வைக்கிறது. முகம் கழுவுதல், சன்னலைத் திறத்தல், பாட்டை உரக்க வைத்தல் ஆகியவற்றின் பயன் சில நிமிடங்களே. மெய்யாக உதவுவது உறக்கம் ஒன்றே. பெரும் உறக்கத்துக்கு வழியில்லாதபோது, வண்டியைச் சாலையைவிட்டு விலக்கி நிறுத்தி 20 நிமிடம் கண்ணயர்வது நன்று. தேநீரைக் குடித்துவிட்டுக் கண்ணயர்ந்தால், எழும் வேளையில் தேநீரும் வேலை செய்யத் தொடங்கியிருக்கும். எழுந்தவுடன் எஞ்சினை எழுப்பலாகாது. உறக்கக் கலக்கம் தெளியக் கால் மணி நேரமேனும் வேண்டும்.

வகுப்பறையில் செய்யத்தக்க சோதனை

ஆசிரியர்கள் இதனை ஒரு 30 செ.மீ. அளவுகோலைக் கொண்டு மாணவர்க்குக் காட்டலாம். ஒருவர் அளவுகோலின் மேல்நுனியைப் பிடித்துத் தொங்கவிட, மற்றவர் கீழ்நுனியில் பூஜ்யத்தருகே கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் தொடாமல் வைத்திருக்க வேண்டும். முன்னறிவிப்பின்றி அளவுகோலை விட்டால், அது எத்தனை செ.மீ. விழுந்தபின் பிடிபடுகிறது என்பதைக் குறிக்க வேண்டும். தடையின்றி விழும் பொருளின் விதிப்படி, 20 செ.மீ. விழ ஏறக்குறைய 0.20 விநாடியும், 30 செ.மீ. விழ ஏறக்குறைய 0.25 விநாடியும் ஆகும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் விநாடியின் பத்தில் ஒரு பங்கு தாமதித்தாலும் வண்டி ஒன்றே முக்கால் மீட்டர் அளவு முன்னே சென்றுவிடும்.

இச்சோதனையில் ஒரு நுட்பம் உண்டு. ஒருமுறை மட்டும் செய்து பார்த்தால், நன்கு உறங்கியவருக்கும் உறங்காதவருக்கும் வேற்றுமை தெரியாமற் போகலாம். சுருசுருப்பாகச் சில முறை பிடித்துவிடுவது அயர்ந்தவருக்கும் இயலும். இருபது முறை செய்து, அவற்றின் சராசரியைப் பாராமல், மிக மோசமான இரண்டு மூன்று முறைகளைப் பார்க்க வேண்டும். அயர்ந்தவரின் குறை அங்கேதான் வெளிப்படும்; அளவுகோல் முழுவதுமே கைநழுவிப் போகும். "எனக்கு ஒன்றும் ஆகவில்லை, நன்றாகத்தான் ஓட்டுகிறேன்" என்று ஓட்டுநர் சொல்வது பெரும்பாலும் பொய்யன்று. அவர் நினைவில் நிற்பவை நன்றாகப் பிடித்த தடவைகள்.

சட்டம் கூறுவது

வேலை நேரத்துக்கு வரம்பு விதிப்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 65ஆம் பிரிவு, அரை மணி ஓய்வின்றித் தொடர்ந்து 5 மணிக்கு மேலும், நாளொன்றுக்கு 9 மணிக்கு மேலும், வாரத்துக்கு 54 மணிக்கு மேலும் ஓட்டலாகாது என்றது. 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என வகுத்தது. நெடுந்தூர வழிகளிலும் திருவிழாக் காலங்களிலும் அதிகாரியின் இசைவுடன் 10 மணியும் 54 மணியும் வரை செல்லலாம் என்று இடங்கொடுத்தது. 1994ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் இந்த 1961ஆம் ஆண்டு அளவுகளையே சுட்டியது. 2020ஆம் ஆண்டுத் தொழிற்பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைகள் பற்றிய சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தபோது, 1961ஆம் ஆண்டுச் சட்டம் அதனுள் ஒடுங்கியது. நாளொன்றுக்கு 8 மணி என்னும் வரம்பு புதிய தொகுப்பிலும் உள்ளது.

எனினும் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தைக் களப்பணியாளர் ஒருமுறை ஊன்றிப் படிப்பது பயன் தரும். அதில் இரண்டு செய்திகள் மறக்கப்பட்டவை. வேலை நேரம் என்பது சக்கரம் சுழலும் நேரம் மட்டும் அன்று என்று அச்சட்டம் கூறியது. சரக்கு ஏற்றுதல், இறக்குதல், வண்டியைப் பழுது பார்த்தல் ஆகிய துணை வேலைகளையும் அது கணக்கில் சேர்த்தது. மற்றொன்று இன்னும் முக்கியமானது. காலையில் வேலை தொடங்கியதிலிருந்து அன்றைய வேலை முடியும் வரை, இடையில் வந்த ஓய்வையும் சேர்த்து, 12 மணிக்கு மேற்படலாகாது. ஒரு நாள் வேலை முடிவுக்கும் மறுநாள் தொடக்கத்துக்கும் நடுவே தொடர்ச்சியாக 9 மணி ஓய்வும் வேண்டும். காலை 6 மணிக்குத் தோப்பில் வேலையைத் தொடங்கிய ஓட்டுநரின் நாள், இவ்விதிப்படி மாலை 6 மணிக்கு முடிந்திருக்க வேண்டும். 8 மணி என்னும் எண்ணை யாவரும் அறிவர். 12 மணி என்னும் எண்ணை அறிந்தோர் சிலரே. உடலின் கணக்குக்கு அணித்தாய் நிற்பது அதுவேயாகும்.

குறையும் இல்லாமலில்லை. நிலையங்களில் வெறுமனே காத்து நிற்கும் நேரம் 15 நிமிடத்துக்குக் குறைவாயின் வேலை நேரம் என்று அச்சட்டம் சொன்னது. நெடுநேரக் காத்திருப்பு ஓய்வாகக் கழியும் என்பது அதன் எண்ணம் போலும். பஸ் நிலையத்தில் அது பொருந்தும். கால் மணிக்கொருமுறை நகரும் மாங்காய் வரிசைக்கு அது பொருந்துவதில்லை.

அமெரிக்காவில் இதே இடர்ப்பாட்டைத் தீர்க்க 2004ஆம் ஆண்டு முதல் ஒரு விதி உள்ளது. 10 மணி நேரத் தொடர் ஓய்வுக்குப் பின் வேலைக்கு வந்த ஓட்டுநர் 11 மணி வரை ஓட்டலாம்; ஆனால் வேலைக்கு வந்த நேரத்திலிருந்து 14 மணி கழிந்தபின் ஓட்டலாகாது. கிடங்கு வாயிலில் ஆறு மணி காத்திருந்தாலும் பொதுவாக அந்த 14 மணிக் கடிகாரம் நிற்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்திலோ நாலரை மணி ஓட்டியபின் 45 நிமிடம் நிறுத்த வேண்டும். பொதுவாக நாளொன்றுக்கு 9 மணியே ஓட்டலாம். ஓட்டிய நேரத்தைப் பதியும் கருவி வண்டியிலேயே பொருத்தப்பட்டிருக்கும்.

இரு ஓட்டுநர் கொண்ட நெடும்பயணம்

சட்டப்படி ஓட்டினால் சரக்கு போய்ச் சேராது என்பது வணிகர் கூறும் மறுமொழி. இதனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். சித்தூரிலிருந்து தில்லிக்கு ஏறக்குறைய 2,200 கி.மீ. சராசரி வேகம் மணிக்கு 45 கி.மீ. எனக் கொண்டால் 49 மணி நேர ஓட்டம். ஒரே ஓட்டுநர் நாளொன்றுக்கு 8 மணி ஓட்டினால் 360 கி.மீ.; ஆறு நாளுக்கு மேல் ஆகும். மாங்காய் அதுவரை பொறுக்காது என்பது உண்மையே. பறித்த காயும் மூச்சு விடுகிறது. நெருக்கி அடுக்கிய காய்கள் தாமே வெப்பத்தை உண்டாக்கி விரைவில் கனிகின்றன.

இரண்டு ஓட்டுநர்கள் இருந்தால் என்ன ஆகும்? முதல்வர் காலை 5 மணி முதல் 10 மணி வரை ஓட்டுகிறார்; அரை மணி நிறுத்தம்; பின்னர் பிற்பகல் ஒன்றரை வரை. ஒரு மணி நேரம் உணவுக்கும், டயரையும் தார்ப்பாய்க் கட்டையும் சரிபார்ப்பதற்கும். இரண்டாமவர் இரண்டரை முதல் இரவு ஏழரை வரை; அரை மணி நிறுத்தம்; மீண்டும் 8 முதல் 11 வரை. இரவு 11 முதல் விடியற்காலை 5 வரை வண்டி நிற்கிறது, இருவரும் உறங்குகின்றனர். ஆளுக்கு 8 மணி, வண்டிக்கு 16 மணி, நாளொன்றுக்கு 720 கி.மீ. மூன்று நாள் கடந்து நான்காம் நாட் காலையில் தில்லியின் எல்லையை அடையலாம். ஐந்து மணி விதி, பன்னிரண்டு மணி விதி, ஒன்பது மணி ஓய்வு ஆகிய யாவும் இதனுள் அடங்கிவிட்டன. உடற் கடிகாரம் கைவிடும் பின்னிரவின் பெரும்பகுதியில் சக்கரம் சுழல்வதில்லை.

பெருநகரங்களில் பகற்பொழுதின் சில மணி நேரம் கனரக வண்டிகளுக்குத் தடை இருப்பதால், இத்திட்டத்தைச் சில இடங்களில் முன்பின்னாக மாற்ற வேண்டி வரும். ஒருவர் ஓட்ட மற்றவர் வண்டியிலேயே படுத்து உறங்கும் முறையை மட்டும் நம்பி இரவு பகலாக ஓட்டுவோரும் உளர். ஓடும் வண்டியின் ஆட்டத்திலும் ஓசையிலும் வரும் உறக்கம் ஆழமற்றது. நின்ற வண்டியின் உறக்கத்துக்கு அதனை ஈடாக எண்ணலாகாது. உண்மையான தடை நேரமன்று, இரண்டாம் ஓட்டுநருக்குத் தர வேண்டிய சம்பளமே. இதனை மூடி மறைத்து, நேரம் போதாது என்று பேசுவதால் பயனில்லை.

களப்பணியில்

ஓட்டுநர்களிடையே பணியாற்றுவோர், 24 கட்டங்கள் கொண்ட ஒரு கோட்டைத் தாளில் வரைந்து, முந்தைய நாளை ஓட்டுநரைக் கொண்டே நிரப்பச் செய்யலாம். ஓட்டிய நேரத்தைக் கருமையாகவும், ஏற்றியிறக்கிய நேரத்தைச் சாய்கோடாகவும், காத்திருந்ததைப் புள்ளியாகவும் குறித்து, உறங்கிய நேரத்தை வெறுமையாக விடலாம். எத்தனை மணி ஓட்டினீர் என்று முதலிற் கேட்டால், அபராதம் விதிக்க வந்தவர் என்று எண்ணி 8 மணி என்றே விடை வரும். கடைசியாகப் படுத்து உறங்கி எழுந்தது எப்போது என்று கேட்பது நலம். அந்த விடையிலிருந்து 17 மணியை எண்ணி, அந்தக் கட்டத்தில் ஒரு செங்கோடு இட வேண்டும். செங்கோட்டுக்கு வலப்புறம் கருமை விழுந்திருந்தால், அங்கே ஏன் விழுந்தது என்று இருவரும் சேர்ந்து பின்னோக்கித் தேடலாம். பெரும்பாலும் புள்ளிகளின் நீண்ட வரிசையில் போய் நிற்கும்.

தீர்க்க வேண்டிய இடமும் அதுவே. வாடகை தடவைக் கணக்கில் தரப்படுமாயின், காத்திருக்கும் மணிக்குக் கூலியில்லை. இழந்த பகலை இரவில் ஓட்டி ஈடுகட்டவே ஓட்டுநர் முயல்வார். ஹால்டிங் பணம் என வழங்கும் காத்திருப்புத் தொகையில் ஓட்டுநருக்கும் பங்கு உண்டா என்பதை வாடகை பேசும்போதே எழுத்தில் முடிவு செய்துகொள்ள வேண்டும். உரிமம் இல்லாத கிளீனரை வரிசையில் வண்டியை நகர்த்தச் சொல்லி ஓட்டுநர் உறங்குவது சட்டத்துக்கு மாறானது, ஆபத்தும் கூட. மாறாக, தொழிற்சாலை தரும் டோக்கனில் வரிசை எண்ணோடு வர வேண்டிய மணியும் அச்சிடப்பட்டால், வண்டியைத் தோப்பு நிழலிலோ மண்டி வளாகத்திலோ நிறுத்தி நான்கைந்து மணி நேரம் கலையாமல் உறங்க இயலும். பருவம் தொடங்குமுன் மே மாதத்தில் தோட்டக்கலைத் துறையினரும் தொழிற்சாலையினரும் கூடும் கூட்டங்களில், காயின் விலையோடு இந்த மணியையும் பேசிவைத்தல் இயலாத காரியமன்று. வாயிலில் ஒரு நாளைக்கு எத்தனை டன் இறக்க முடியும் என்பதைத் தொழிற்சாலை அறியும்; எத்தனை வண்டி வரவேண்டும் என்பதை அந்த எண்ணைக் கொண்டே கணக்கிடலாம்.